கேள்வி பதில்: குபர்னெட்டிஸ் வெர்ஷன் நம்பர்ல எதை நம்பலாம்?

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்ல அடைச்ச அப்ளிகேஷனை பல மெஷின்ல ஓட்டி பார்த்துக்கிற சாஃப்ட்வேர்) வெர்ஷன், அப்கிரேட், இமேஜ் டேக் (கன்டெய்னரா ஓடுற பொட்டலத்துக்கு ஒட்டுற பேர்) இதைச் சுத்தியே இருந்ததால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். எல்லாத்தையும் படிச்சதும் எனக்கு பட்டது இதுதான், ஒரே கிளஸ்டருக்குள்ள (குபர்னெட்டிஸ் நடத்துற மெஷின்களோட கூட்டம்) அஞ்சாறு விதமான வெர்ஷன் நம்பர் ஓடுது, ஒவ்வொண்ணும் வேற வேற ஆளுங்க குடுக்குற வேற வேற வாக்கு, ஒண்ணோட வாக்கை இன்னொண்ணுகிட்ட எதிர்பார்த்துதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

கேள்வி: சார், குபர்னெட்டிஸ் 1.0 வந்தது 2015 ஜூலைல. இத்தனை வருஷம் ஆகியும் 1.30, 1.31, 1.32னு 1லயே நிக்குது. செம்வர் (செமாண்டிக் வெர்ஷனிங், வெர்ஷன் நம்பர் போடுற பொது முறை) விதிப்படி முதல் நம்பர் மாறலன்னா பழசு எதுவும் உடையக்கூடாது இல்லையா, அப்போ பயப்படாம மேல போய்க்கிட்டே இருக்கலாமா?

பதில்: அப்படி போகாதீங்க. மேஜர், மைனர், பேட்ச்னு மூணு நம்பர் இருக்குறதால செம்வர் மாதிரிதான் தெரியும், கடைசி நம்பரைப் பொறுத்தவரை அது சரியும் கூட, 1.31.2ல இருந்து 1.31.5க்கு போறது பெரும்பாலும் பக் ஃபிக்ஸும் செக்யூரிட்டி ஃபிக்ஸும்தான், அதை தள்ளிப்போட ஒரு காரணமும் கிடையாது. ஆனா நடு நம்பர் மாறுறப்போ நிஜமாவே சாமான் காணாம போகும். 1.24ல, அதாவது 2022 மே மாசம், டாக்கர்ஷிம்மை (டாக்கரை வச்சு கன்டெய்னர் ஓட்ட வழி பண்ணிக்குடுத்த பகுதி) மொத்தமா எடுத்துட்டாங்க, கன்டெய்னர்டி இல்ல கிரையோ மாதிரி வேற ரன்டைமுக்கு (கன்டெய்னரை ஓட்டுற சாஃப்ட்வேர்) மாறாதவங்க நோடு (கிளஸ்டர்ல இருக்குற மெஷின்) ஓடவே ஓடாது (டாக்கர்ல கட்டின இமேஜ் வழக்கம்போல ஓடும், அதை நினைச்சு நிறைய பேர் வீணா பயந்தாங்க). அடுத்து 1.25ல பாட் செக்யூரிட்டி பாலிசி (பாட், அதாவது சேர்ந்து ஓடுற கன்டெய்னர் குழு, எதை செய்யலாம்னு கட்டுப்படுத்துற விதி) போச்சு. இதெல்லாம் வேற எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் 2.0னு பேர் வச்சிருப்பாங்க.

அப்போ அந்த 1 எதுக்குன்னா, ஸ்டேபிள் ஆன ஏபிஐ (கிளஸ்டர்கிட்ட வேலை சொல்றதுக்கான வழி), அதாவது வெறும் வி1னு முடியிற ஏபிஐயை இந்த மேஜர் நம்பர் இருக்குற வரைக்கும் எடுக்க மாட்டோம்னு டெப்ரிகேஷன் பாலிசில (பழசை எப்படி ஒதுக்கி எடுக்கணும்ங்கிற விதி) எழுதியே குடுத்திருக்காங்க. அந்த 1 காப்பாத்துறது அதை மட்டும்தான். நீங்க இன்னும் ஸ்டேபிள் ஆகாத ஆல்ஃபாவோ பீட்டாவோ பயன்படுத்தினா அந்த காவல் உங்களுக்கு கிடையாது. அதனால கிளஸ்டர் நம்பரை பார்த்து தைரியம் வரவழைச்சுக்காதீங்க, உங்க யாமல் ஃபைல் (கிளஸ்டர்ல என்ன ஓடணும்னு எழுதுறது) ஒவ்வொண்ணுலயும் முதல் வரில என்ன ஏபிஐ வெர்ஷன் இருக்குன்னு பாருங்க.

கேள்வி: அண்ணா, அதே யாமல்தான் ரெண்டு வருஷமா போட்டுக்கிட்டு இருந்தோம். கிளஸ்டரை 1.21ல இருந்து 1.22க்கு மாத்தினதும் இன்க்ரெஸ் (வெளில இருந்து வர்ற ரிக்வெஸ்ட்டை உள்ள எந்த சர்வீஸுக்கு அனுப்பணும்ங்கிற விதி) ஃபைலை அப்ளை பண்ணா அந்த வெர்ஷன்ல இப்படி ஒரு வகையே இல்லன்னு எரர் வருது. ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்த இன்க்ரெஸ் எல்லாம் அழிஞ்சு போச்சா?

பதில்: அழியல, நிம்மதியா இருங்க. இது ரொம்ப பேர் தப்பா புரிஞ்சுக்கிற இடம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஏபிஐ வெர்ஷன்ங்கிறது ஆப்ஜெக்ட்டோட வெர்ஷன் இல்ல, ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல் இருக்குற மாதிரி, பீட்டா வாசல் வழியா வந்தாலும் வி1 வாசல் வழியா வந்தாலும் உள்ள இருக்குறது ஒரே பொருள்தான். ஈடிசிடிக்குள்ள (கிளஸ்டரோட டேட்டாபேஸ்) அது ஏதோ ஒரு வடிவத்துல சேமிச்சிருக்கும், நீங்க எந்த வெர்ஷன்ல கேக்குறீங்களோ அதுக்கு ஏபிஐ சர்வர் (எல்லா ரிக்வெஸ்ட்டும் போற மைய சர்வர்) அப்பப்போ மாத்தி குடுக்கும். 1.22ல, 2021 ஆகஸ்ட்ல, எக்ஸ்டென்ஷன்ஸ்ங்கிற ஏபிஐ குரூப்லயும் நெட்வொர்க்கிங் குரூப்லயும் இருந்த வி1பீட்டா1 இன்க்ரெஸ் வாசலை மூடிட்டாங்க, அவ்வளவுதான். கியூப்சிடிஎல்ல (கிளஸ்டருக்கு கமாண்ட் குடுக்குற கருவி) கெட் போட்டு பாருங்க, உங்க பழைய இன்க்ரெஸ் எல்லாம் வி1 வடிவத்துல அப்படியே நிக்கும்.

ஆனா ஃபைல்ல முதல் வரியை மட்டும் மாத்தினா வேலை நடக்காது. வி1ல பாத் டைப் கட்டாயம், சர்வீஸ் பேரும் போர்ட்டும் எழுதுற அமைப்பே வேற, முன்னாடி ஒரே மட்டத்துல ரெண்டு வரியா இருந்தது இப்போ சர்வீஸ்ங்கிற தலைப்புக்கு கீழ உள்ள போயிருக்கு. கன்வெர்ட்னு கியூப்சிடிஎல்லுக்கு தனி பிளகின் இருக்கு, அது பழைய ஃபைலை புது வெர்ஷனுக்கு மாத்தி குடுக்கும், மாத்தினதை ஒரு தடவை கண்ணால படிச்சிட்டு கமிட் பண்ணுங்க.

இன்னொரு பொறி ஹெல்ம் (யாமல் ஃபைல்களை சார்ட்ங்கிற பொட்டலமா கட்டி கிளஸ்டர்ல போடுற கருவி) பயன்படுத்துறவங்களுக்கு. நீங்க போன தடவை போட்ட மேனிஃபெஸ்ட்டை (அந்த யாமல்) ஹெல்ம் கிளஸ்டருக்குள்ளயே ஒரு சீக்ரெட்ல எழுதி வச்சிருக்கும், அதுல பழைய பீட்டா வெர்ஷன் இருந்து கிளஸ்டர்ல அது போயிடுச்சுன்னா, உங்க புது சார்ட் சுத்தமா இருந்தாலும் ஹெல்ம் அப்கிரேட் தோத்துப் போகும், ஏன்னா பழசையும் புதுசையும் ஒப்பிட்டு பார்க்க பழசை படிச்சாகணும். அந்த சேமிச்ச ரெக்கார்டை திருத்துறதுக்குன்னே மேப்கியூப்ஏபிஐஸ்னு ஒரு ஹெல்ம் பிளகின் இருக்கு. கிளஸ்டரை அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடியே சார்ட்டை புது ஏபிஐக்கு மாத்தி ஒரு ரிலீஸ் போட்டுட்டா அந்த பிளகினே தேவைப்படாது.

இது மாதிரி பெரிய துடைப்பு 1.16லயும் நடந்துச்சு (2019 செப்டம்பர், பழைய குரூப்ல இருந்த டிப்ளாய்மென்ட், டீமன்செட்ங்கிற ஆப்ஜெக்ட் வகை எல்லாம் ஆப்ஸ் வி1க்கு போகணும்னு ஆச்சு), 1.25லயும் நடந்துச்சு, அதுல கிரான்ஜாபோட பீட்டாவும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டோட பீட்டாவும் போச்சு. எதுவும் திடீர்னு வரல. பீட்டா வெர்ஷனை டெப்ரிகேட்டட்னு சொன்னதுக்கு அப்புறம் 9 மாசம் இல்ல 3 மைனர் ரிலீஸ், இதுல எது அதிகமோ அதுவரைக்கும் வச்சிருக்கணும்னு விதி இருக்கு. ஆல்ஃபாவுக்கு மட்டும் அந்த தயவு கிடையாது, எந்த ரிலீஸ்ல வேணா சொல்லாம எடுக்கலாம்.

பீட்டாவை ப்ரொடக்ஷன்ல போடலாமான்னு ஒரு வாசகர் தனியா கேட்டிருந்தார், அதுக்கும் இங்கயே சொல்லிடறேன். இன்க்ரெஸ் வருஷக்கணக்கா பீட்டாவுலயே கிடந்து 2020ல 1.19லதான் வி1 ஆச்சு, அந்த காலத்துல பீட்டாவ தொடாம யாரும் வேலை பார்த்திருக்கவே முடியாது, அதனால போட்டவங்களை குத்தம் சொல்ல மாட்டேன். இப்போ நிலைமை வேற. 1.24ல இருந்து புதுசா வர்ற பீட்டா ஏபிஐ எல்லாம் டீஃபால்ட்டா ஆஃப்ல தான் இருக்கும், நீங்களா போய் ஆன் பண்ணணும். அப்படி ஆன் பண்றீங்கன்னா அதை பின்னாடி மாத்துற வேலைக்கும் சேர்த்துதான் கையெழுத்து போடுறீங்க.

முன்கூட்டியே தெரிஞ்சுக்கவும் வழி இருக்கு. 1.19ல இருந்து டெப்ரிகேட் ஆன ஏபிஐயை கூப்பிட்டா சர்வரே வார்னிங் அனுப்பும், கியூப்சிடிஎல் அதை அப்படியே திரைல காட்டும். சிஐ பைப்லைன் (கோடை தானா பில்ட் பண்ணி சோதிக்கிற அமைப்பு) லாக்ல அது எங்கயோ ஓடி மறைஞ்சிடுதுங்கிறதுதான் பிரச்சனை, அந்த வார்னிங்கை தேடி எடுத்து பில்டை நிறுத்துற மாதிரி வச்சீங்கன்னா பாதி வேலை அப்கிரேடுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.

கேள்வி: எங்க கிளஸ்டர் 1.27ல நிக்குது. நேரா 1.31க்கு தாவ முடியுமா? கன்ட்ரோல் பிளேனும் (கிளஸ்டரை நடத்துற பகுதி) நோடும் ஒரே நாள்ல மாத்தியாகணுமா?

பதில்: நேரா தாவ முடியாது. கன்ட்ரோல் பிளேன் ஒவ்வொரு மைனரா ஏறணும், 28, 29, 30, 31. கிளஸ்டரை அமைக்கிற கருவியான கியூப்ஏடிஎம்மும் நடுவுல ஒரு மைனரை விட்டு தாண்டுறதை ஏத்துக்காது.

ரெண்டாவது கேள்விக்கு நல்ல சேதி இருக்கு. கியூப்லெட் (ஒவ்வொரு நோடுலயும் ஓடி அங்க இருக்குற பாட்டை பார்த்துக்கிறது) ஏபிஐ சர்வரை விட மூணு மைனர் வரைக்கும் பின்தங்கி இருக்கலாம். முன்னாடி ரெண்டுதான் இருந்துச்சு, 1.28ல இருந்து மூணு ஆக்கினாங்க. அப்போ உங்க கணக்கு என்ன ஆகுதுன்னா, நோடு எல்லாத்தையும் 1.27லயே விட்டுட்டு கன்ட்ரோல் பிளேனை மட்டும் 28, 29, 30 வரைக்கும் ஏத்தலாம், அங்க நிக்கணும், ஏன்னா 31 ஆனா இடைவெளி நாலாகிடும். அந்த இடத்துல ஒவ்வொரு நோடா டிரெயின் பண்ணி (அதுல ஓடுற பாட்டை எல்லாம் வெளியேத்தி) எடுத்துட்டு 1.30 போட்ட புது நோடை சேர்த்துக்கிட்டு, எல்லாம் முடிஞ்சதும் கன்ட்ரோல் பிளேனை 31க்கு கொண்டு போகலாம். ஒரு நாள்ல முடிக்கணும்னு யாரும் அவசரப்படுத்தல. பாட் ஓடிக்கிட்டு இருக்குற நோடுல டிரெயின் பண்ணாம கியூப்லெட்டோட மைனரை மட்டும் மாத்தாதீங்க, அதுக்கு ஆதரவு கிடையாது.

திசைதான் முக்கியம். கியூப்லெட் எப்பவும் ஏபிஐ சர்வரை விட புதுசா இருக்கவே கூடாது. கன்ட்ரோல் பிளேனோட மத்த பகுதிகளான கன்ட்ரோலர் மேனேஜரும் ஷெட்யூலரும் சர்வருக்கு சமமா இல்ல ஒரு மைனர் பழசா இருக்கலாம், புதுசா கூடாது. அதனாலதான் எப்பவும் ஏபிஐ சர்வர்ல ஆரம்பிச்சு கீழ வரணும். கியூப்சிடிஎல் மட்டும் ரெண்டு பக்கமும் ஒரு மைனர் தள்ளி இருக்கலாம்.

பலர் கவனிக்காத ஒண்ணு, ஏபிஐ சர்வர் மூணு ஓடுற கிளஸ்டர்ல அப்கிரேட் பாதில இருக்குறப்போ ஒண்ணு 1.31லயும் மத்தது 1.30லயும் இருக்கும், அந்த நேரத்துல எல்லா விதியும் ரெண்டுக்கும் பொருந்தணும். 1.30க்கு சரியா இருந்த 1.27 கியூப்லெட் அந்த நிமிஷத்துல இருந்தே விதிக்கு வெளில போயிடுது, கியூப்சிடிஎல்லும் 1.30 இல்ல 1.31 தான் இருக்கணும், 1.29 வச்சிருக்குற டெவலப்பருக்கு ஒரு கமாண்ட் ஓடி அடுத்தது ஓடாம போக வாய்ப்பு இருக்கு. அப்கிரேட் தேதி குறிக்கிறப்போவே எல்லார் மெஷின்லயும் கியூப்சிடிஎல் என்ன வெர்ஷன்னு கேட்டு வாங்கிடுங்க.

கேள்வி: ஒரு மைனர் ரிலீஸ் எவ்வளவு நாள் தாங்கும்?

பதில்: 1.19ல இருந்து 12 மாசம் முழு சப்போர்ட், அதுக்கு மேல 2 மாசம் மெயின்டனன்ஸ் மோடு, ஆக மொத்தம் 14 மாசம். அதுக்கு முன்னாடி 9 மாசம்தான் இருந்துச்சு. வருஷத்துக்கு நாலு ரிலீஸ்னு வச்சிருந்த திட்டத்தை 2021ல மூணா குறைச்சாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் மூணு படி ஏறுறதுன்னு வச்சுக்கிட்டா சப்போர்ட்டை விட்டு வெளில போகாம இருக்கலாம், மேல சொன்ன மூணு மைனர் இடைவெளி விதி வந்ததும் இந்த கணக்குக்காகத்தான். கிளவுட்காரங்க குடுக்குற மேனேஜ்டு கிளஸ்டர்ல தேதி வேற மாதிரி இருக்கும், அவங்க அட்டவணையைத்தான் பார்க்கணும்.

கேள்வி: சார், எங்க டீம்ல எல்லா இமேஜுக்கும் லேட்டஸ்ட் டேக் தான். வேண்டாம்னு நான் சொன்னா, எப்பவும் புதுசுதானே வருது அதுல என்ன தப்புன்னு கேக்குறாங்க. என்ன சொல்லி புரிய வைக்கிறது?

பதில்: அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இப்போ ப்ரொடக்ஷன்ல ஓடுறது எந்த கோடுன்னு. லேட்டஸ்ட் போட்ட இடத்துல அதுக்கு பதில் சொல்ல டிப்ளாய்மென்ட் ஃபைலும் உதவாது, கிட் ஹிஸ்டரியும் உதவாது.

நடக்குறது இதுதான். டேக் லேட்டஸ்ட்டா இருந்தாலோ டேக்கே போடலன்னாலோ இமேஜ் புல் பாலிசி (இமேஜை எப்போ இழுக்கணும்ங்கிற விதி) தானா ஆல்வேஸ் ஆகிடும், பாட் எப்போ புதுசா எழுந்தாலும் ரெஜிஸ்ட்ரில (இமேஜ் சேமிச்சு வைக்கிற இடம்) அந்த நேரத்துல லேட்டஸ்ட் எதை காட்டுதோ அதை எடுத்துக்கும். ஆக நடுராத்திரி ஒரு நோடு செத்து பாட் வேற நோடுக்கு போனா, யாரும் ரிலீஸ் பண்ணாமலே புது கோடு ப்ரொடக்ஷனுக்கு வந்திடும், மூணு ரெப்ளிகால (ஒரே பாட்டோட நகல்கள்) ரெண்டு பழசு ஒண்ணு புதுசுன்னு ஓடும், சில ரிக்வெஸ்ட் மட்டும் விசித்திரமா தோத்துப்போகும், காரணம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும். அதே சமயம் நீங்க வேணும்னே புது இமேஜை தள்ளிட்டு அப்ளை பண்ணா ஒண்ணுமே நடக்காது, ஏன்னா ஃபைல்ல இருக்குற எழுத்து மாறல, பாட் டெம்ப்ளேட் (பாட் எப்படி இருக்கணும்னு எழுதின பகுதி) மாறலன்னா ரோல்அவுட் (பாட்டை எல்லாம் புதுசுக்கு மாத்துறது) கிடையாது. வேணாங்குறப்போ மாறும், வேணுங்குறப்போ மாறாது.

நம்பர் போட்டுட்டா மட்டும் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. 1.4னு டேக் போட்டுட்டு அதே 1.4 மேலயே திரும்ப புஷ் பண்றவங்க நிறைய பேர். வேற டேக்குக்கு பாலிசி இஃப்நாட்பிரசென்ட் (நோடுல இல்லன்னா மட்டும் இழுக்கும்), ஏற்கனவே இழுத்து வச்ச நோடுல பழைய 1.4 ஓடும், புது நோடுல புது 1.4 ஓடும், ரெண்டுக்கும் பேரு ஒண்ணு. இது லேட்டஸ்ட்டை விட மோசம்னு நான் நினைக்கிறேன், லேட்டஸ்ட்லயாவது சந்தேகம் வரும். ரெஜிஸ்ட்ரில டேக்கை மாத்த முடியாதபடி பூட்டுற வசதி இருந்தா போடுங்க, முக்கியமான சர்வீஸுக்கு டேக்கோட சேர்த்து ஷா256 டைஜஸ்ட்டையும் எழுதுங்க. டேக்கை யார் வேணா நகர்த்தலாம், டைஜஸ்ட் அந்த இமேஜோட உள்ளடக்கத்துல இருந்து கணக்கு போட்டு வர்றது, உள்ள ஒரு பைட் மாறினாலும் அதுவும் மாறிடும்.

கேள்வி: ரோல்அவுட் அன்டூ பண்ணேன், ரிவிஷன் 3ல இருந்து 2க்கு போகும்னு பார்த்தா 4னு காட்டுது, 2 லிஸ்ட்லயே இல்ல. அதுவும் இல்லாம பழைய கான்ஃபிக் திரும்பி வரல. பக்கா?

பதில்: பக் இல்ல. ரிவிஷன் நம்பர் எப்பவும் முன்னாடி மட்டும்தான் போகும், ரெண்டாவதுல இருந்த பாட் டெம்ப்ளேட்டை எடுத்து இப்போ புதுசா போட்டதா கணக்கு வச்சு 4னு பேர் குடுக்குது, அதனால 2ங்கிற பேர் காலி. உங்க ரிலீஸ் நம்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, இதை ரிலீஸ் நோட்ல எழுதாதீங்க. டீஃபால்ட்டா பழைய பத்து ரிவிஷன் வரைக்கும்தான் வச்சிருக்கும்.

ரெண்டாவது விஷயம் முக்கியம். அன்டூ திருப்புறது பாட் டெம்ப்ளேட்டை மட்டும். கான்ஃபிக்மேப் (அப்ளிகேஷனோட செட்டிங்கை வைக்கிறது) தனி ஆப்ஜெக்ட், அதுக்கு ரிவிஷனே கிடையாது, நீங்க அதை மேலயே எழுதி மாத்தியிருந்தா பழைய கோடு புது கான்ஃபிக்கோட எழுந்து நிக்கும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் கான்ஃபிக்மேப்புக்கு புது பேர் குடுங்க, கஸ்டமைஸ்ங்கிற யாமல் கருவில ஜெனரேட்டர் போட்டா உள்ளடக்கத்தை வச்சு பேருக்கு பின்னாடி ஒரு ஹேஷ் ஒட்டிக் குடுக்கும், டெம்ப்ளேட்ல அந்த பேர் இருக்குறதால அன்டூ பண்றப்போ பழைய பேருக்கே திரும்பி போகும், பழைய கான்ஃபிக்மேப்பை அவசரப்பட்டு அழிக்காம இருந்தா போதும். லேட்டஸ்ட் டேக் போட்டவங்களுக்கு அன்டூவே பிரயோஜனம் இல்லங்கிறதையும் உங்க டீம்ல சொல்லுங்க, ரெண்டு ரிவிஷன்லயும் அதே எழுத்துதான் இருக்கும்.

கேள்வி: கிளஸ்டர் அப்கிரேட் சொதப்பினா அதையும் இப்படி திருப்பலாமா?

பதில்: முடியாது. கன்ட்ரோல் பிளேனை ஒரு மைனர் கீழ இறக்குறதுக்கு ஆதரிக்கப்பட்ட வழி கிடையாது. ஈடிசிடி ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருந்தா அதுல இருந்து மீட்டு எடுக்கலாம், அதுதான் ஒரே கதவு.

ரெட்டிட்ல 2023 மார்ச் 14 நடந்ததை அவங்களே விரிவா எழுதி வெளியிட்டாங்க. 1.23ல இருந்து 1.24க்கு போனதும் மொத்த சைட்டும் விழுந்து 314 நிமிஷம் கஷ்டப்பட்டாங்க, கடைசில பேக்கப்ல இருந்துதான் மீட்டாங்க. காரணம் ஒரு லேபிள். கன்ட்ரோல் பிளேன் நோடு மேல இருந்த மாஸ்டர்ங்கிற லேபிள் 1.24ல போயிடுச்சு, இனிமே கன்ட்ரோல் பிளேன்ங்கிற லேபிள் மட்டும்தான், அவங்க நெட்வொர்க்குக்கு போட்டிருந்த கேலிகோல ரூட் ரிஃப்ளெக்டரை (நெட்வொர்க் வழித்தகவலை மத்த நோடுக்கு பரப்புறது) அந்த பழைய லேபிளை வச்சு தேடுற மாதிரி எழுதியிருந்தாங்க. இந்த லேபிள் போகப்போகுதுன்னு 1.20லயே அறிவிச்சது. ஏபிஐ வெர்ஷனை மட்டும் சோதிச்சிருந்தா இது சிக்கியிருக்காது, ஏன்னா ஏபிஐ எதுவும் மாறல. அதனாலதான் நான் சேஞ்ச்லாக்ல அர்ஜென்ட் அப்கிரேட் நோட்ஸ் பகுதியை வரி விடாம படிங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், அதோட உங்க கான்ஃபிக் எல்லாத்துலயும் நோடு லேபிள், ஃபீச்சர் கேட், கியூப்லெட் ஃபிளாக் இதெல்லாம் எங்கெங்க எழுதியிருக்குன்னு தேடி ஒரு லிஸ்ட் வச்சுக்கங்க. ஸ்னாப்ஷாட் எடுத்தா மட்டும் போதாது, அதை வேற கிளஸ்டர்ல மீட்டு பார்த்திருக்கணும்.

கேள்வி: ஹெல்ம் சார்ட்ல வெர்ஷன்னு ஒண்ணு, ஆப் வெர்ஷன்னு ஒண்ணு. ரெண்டையும் சேர்த்தே ஏத்தணுமா?

பதில்: தேவையில்ல. சார்ட் வெர்ஷன் செம்வரா இருந்தே ஆகணும், டெம்ப்ளேட்டோ டீஃபால்ட் வேல்யூவோ மாறினா அது ஏறணும். ஆப் வெர்ஷன் உள்ள ஓடுற அப்ளிகேஷனோட நம்பர், வெறும் தகவல்தான், செம்வரா இருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. அதை கொட்டேஷன் குறிக்குள்ள எழுதுங்க, இல்லன்னா 1.10னு நீங்க எழுதினதை யாமல் தசம எண்ணா படிச்சு 1.1 ஆக்கிடும்.

கேள்வி: கோ லாங்வேஜ்ல கன்ட்ரோலர் எழுதுறேன். கிளஸ்டர் 1.30, ஆனா கிளஸ்டர்கிட்ட பேசுறதுக்கான கிளையன்ட் கோ லைப்ரரில 1.30ங்கிற டேகே இல்லையே?

பதில்: 0.30னு தேடுங்க, இருக்கும். குபர்னெட்டிஸ் 1.17ல இருந்து கிளையன்ட் கோவுக்கு முன்னாடி 0 போட்டு அதே மைனர், அதே பேட்ச் நம்பர்ல டேக் போடுறாங்க, 1.30.2க்கு 0.30.2. அந்த 0 ஏன்னா லைப்ரரியோட கோ ஃபங்ஷன் எல்லாம் ரிலீஸுக்கு ரிலீஸ் மாறலாம், அதுக்கு நாங்க வாக்கு குடுக்கலங்கிறதுக்காக. கூட சேர்த்து பயன்படுத்துற ஏபிஐ மெஷினரியையும் ஏபிஐ மாட்யூலையும் அதே 0.30லயே வைங்க, ஒண்ணு 0.29 ஒண்ணு 0.30னு கலந்தா கம்பைல் ஆகாம மணிக்கணக்குல உக்கார வேண்டி வரும்.